குடைக்கம்பிக் கழகத்தில் பார்க்கும் உரிமை

எங்கள் கழகத்தைப் பற்றி ஊரில் கண்டபடி பேசுகிறார்கள். பேசட்டும், வாய் அவர்களுடையது. ஆலப்புழை பஸ்ஸில் கழகத்து ஸ்டாப் வந்தால் கண்டக்டர், "படுக்கை விரிக்கிறவங்கள்லாம் இறங்கிக்கங்க" என்று குரல் கொடுக்கிறான். அவனும் அரசு வேலைக்குப் பரீட்சை எழுதி எழுதிக் கிடைக்காதவன்தான். வயிற்றெரிச்சல். நான் என்பாட்டுக்கு இறங்கிவிடுவேன்.

மாநிலக் குடைக்கம்பிக் கழகம் சும்மா ஆரம்பித்ததல்ல. வருஷத்தில் பாதி மழை கொட்டுகிற நாடு இது. மழைக்குக் குடை வேண்டும், குடைக்குக் கம்பி வேண்டும், கம்பியைத் தனியார் கையில் விட்டால் ஜனங்கள் நனைந்தே சாவார்கள் என்று அந்தக் காலத்தில் ஒரு மந்திரி சட்டசபையில் கண்கலங்கிப் பேசினார். அதன் விளைவு நாங்கள். ஐரோப்பாவிலிருந்து ஒரு மெஷின் வந்தது. ஒரு பக்கம் கம்பிச்சுருளைக் கொடுத்தால் மறுபக்கம் வெட்டி, வளைத்து, துளை போட்டுத் தள்ளும். நான் எஸ்டாப்ளிஷ்மென்ட் பிரிவில் கிளார்க்காகச் சேர்ந்த புதிதில் அது ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் நின்றுவிட்டது. ஒர்க்ஸ் மேனேஜர் மாத்துக்குட்டி சார் வந்து அதைச் சுற்றிப் பார்த்தார், இரண்டு தட்டுத் தட்டினார், "செத்துருச்சு" என்று மேலிடத்துக்கு எழுதிப்போட்டார். அன்றிலிருந்து கழகம் மெஷின் இல்லாமலே நல்லபடியாக நடந்துவருகிறது.

வேலை இல்லாமலில்லை. காலையில் வந்ததும் நாற்காலி முதுகில் குடையைத் தொங்கவிட வேண்டும். குடை தொங்கினால் ஆள் ஆபீஸில் இருக்கிறார் என்று கணக்கு. ஆள் எங்கே இருக்கிறார் என்பது வேறு விஷயம். சிசுபாலன் என்கிற என் நாற்காலியில் மட்டும் குடையும் இருக்கும், ஆளும் இருப்பேன், அதனால்தான் எல்லா வேலையும் என் தலையில் விடிகிறது.

மெஷின் ஷெட்டில் பத்ரோஸும் அவன் ஆட்களும். பத்ரோஸ் அந்த மெஷினை ஓட்டியவன், இப்போது யூனியன் செயலாளர். மெஷின் போன பிறகு அவர்களுக்குப் பார்ப்பதுதான் வேலை. கழகத்துக்குள் எந்தச் சாமான் வந்தாலும், லாரிக்காரனே இறக்கி லாரிக்காரனே அடுக்கினாலும், இவர்கள் வரிசையாக நின்று பார்ப்பார்கள். பார்த்ததற்குக் கூலி. நோக்குக்கூலி என்று அதற்குப் பெயர். வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டம் வந்ததையும் நின்று பார்த்தார்கள். எம்.டி. அறைக்கு ஒரு பூந்தொட்டி வந்தபோதுகூட மொத்த ஷெட்டும் வந்து பார்த்துவிட்டுப் போனது. மற்றபடி பத்ரோஸ் நல்லவன். செத்த மெஷினைச் சனிக்கிழமை தவறாமல் துடைத்து எண்ணெய் போடுவான், கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றுகிற மாதிரி.

இப்படி நிம்மதியாக இருந்த இடத்துக்குத்தான் அந்தப் பெண் வந்தாள்.

மழை அடித்து ஊற்றிய ஒரு காலை. குடைக்கம்பிக் கழகத்துக்குள் ஒருத்தி தொப்பலாக நனைந்து நுழைகிறாள். பெயர் ஜெஸ்மி, அரூர்ப் பக்கம், மெக்கானிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருஷம். உங்கள் கழகத்தில் இன்டர்ன்ஷிப் வேண்டும் என்றாள். எனக்கு அந்த வார்த்தையே புதிது. கழகத்தில் கடைசியாகப் புதிதாகச் சேர்ந்த ஆள் நான்தான், எனக்குத் தலை நரைத்தாயிற்று. என்ன செய்வாய், சம்பளம் உண்டா என்றேன். சம்பளம் வேண்டாம், வேலை பார்த்தால் போதும் என்றாள். எனக்குச் சந்தேகமாகிவிட்டது. அடுத்த வாரம் வா என்றேன். அது எங்கள் வழக்கமான பதில். கேட்டவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை.

அடுத்த வாரம் திங்கட்கிழமை எனக்கு முன்னால் வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. உற்பத்தி நிறுவனம் ஒன்றில் பயிற்சி எடுத்த சர்ட்டிபிகேட் இல்லாவிட்டால் அவளை இறுதிப் பரீட்சைக்கு உட்கார விடமாட்டார்கள். எர்ணாகுளம் வரை எல்லாக் கம்பெனியும் ஏறி இறங்கிவிட்டாள். கூட்டாளிகள் எல்லோரும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் காசு கொடுத்து வாங்கிவிட்டார்கள், லேமினேஷன் இலவசம். நீயும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்றேன். கோபம் வந்துவிட்டது.

"எங்க காலேஜ்ல ஒரு லேத் இருக்கு சார். திறப்பு விழாவுக்குக் கட்டின ரிப்பன் இன்னும் அதுமேலயே இருக்கு. நாலு வருஷமா மெஷின் படிக்கிறேன், ஒரு மெஷினத் தொட்டதில்ல. அம்மா ஐஸ் தண்ணியில கைய விட்டு இறால் உரிச்சுத்தான் என்னைப் படிக்க வெக்குது. நான் கடையில சர்ட்டிபிகேட் வாங்கிட்டுப் போய் அதுகிட்ட இன்ஜினியர்னு சொல்லவா?"

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதுதான் கேடு, படித்ததை நம்பிவிடுகிறார்கள். ஆனாலும் என்னவோ செய்தது. எம்.டி.யிடம் அழைத்துப் போனேன்.

எங்கள் எம்.டி. டாக்டர் இந்துசூடன் பல கழகங்களுக்கு எம்.டி. காரிலிருந்து இறங்கும்போது இது எந்தக் கழகம் என்று டிரைவரிடம் கேட்டுக்கொண்டுதான் இறங்குவார். மகா படிப்பாளி. ஜெஸ்மியை உட்காரச் சொல்லிவிட்டு, அனுபவம் இருக்கிறதா என்று கேட்டார்.

"இல்ல சார். அதுக்காகத்தான் வந்திருக்கேன்."

"அனுபவம் இல்லாத ஒருத்தருக்கு நாங்க எப்படி அனுபவம் குடுக்கறது? நாளைக்கு ஆடிட்ல கேள்வி வரும். இந்த மாநிலத்து இளைஞர்கள் மேல எனக்கு அபாரமான நம்பிக்கை. அதனாலதான் அவங்கள எதுலயும் அவசரப்பட்டுச் சேர்த்துக்கறதில்ல. நீங்க முதல்ல எங்கயாவது அனுபவம் வாங்கிட்டு வாங்க. அதுக்கப்புறம் உங்களுக்கு இங்க பயிற்சி தேவைப்படாது, எங்களுக்கும் தொந்தரவு இருக்காது."

அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். மறுநாள் பெஞ்சில் இருந்தாள். அதற்கு மறுநாளும். ஹர்த்தால் அன்று பஸ் ஓடவில்லை, எங்கள் குடைகள்கூட வரவில்லை, அன்றும் யாரோ மீன் வண்டிக்காரன் பின்னால் உட்கார்ந்து வந்து சேர்ந்திருக்கிறாள். வாட்ச்மேன் சொன்னான். கடைசியில் நானே ஒரு குறிப்பு எழுதி எம்.டி.யிடம் வைத்தேன். இந்தப் பெண்ணுக்கு இந்த அலுவலகத்திலேயே தொடர்ந்து காத்திருந்த அனுபவம் உண்டு என்று எழுதினேன். எம்.டி. இரண்டு தடவை படித்தார். நம் ஊழியர்கள் பலருக்கும் இதே அனுபவம்தான் இருக்கிறது, அதில் பதவி உயர்வே கொடுத்திருக்கிறோம் என்று சொல்லி ஏற்றுக்கொண்டார்.

ஆனால் பயிலுநர் என்றால் யார், அவர் என்ன செய்யலாம் என்பதற்குக் கழகத்தில் விதி கிடையாது. எம்.டி.யும் மாத்துக்குட்டி சாரும் சேர்ந்து ஒரு குழு ஆனார்கள். கழகம் இருக்கிற சேர்த்தலை வெயிலில் யோசனை ஓடாது என்பதால் குழு மூணாறில் கூடியது. திரும்பி வரும்போது தேயிலை, மிளகு, ஏலக்காய் எல்லாம் வந்தன, ஷெட்டு ஆட்கள் வந்து பார்த்தார்கள். குழுவின் முடிவும் வந்தது. பயிலுநர் இயந்திரத்தைப் பார்க்கலாம், தொடக் கூடாது.

செத்துப்போன மெஷினைத் தொட்டால் என்ன ஆகும் என்று ஜெஸ்மி கேட்டாள்.

"மரியாதை மோளே," என்றார் மாத்துக்குட்டி சார். "செத்ததுக்குக் குடுக்கற மரியாதை."

மரியாதைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. மெஷின் செத்துவிட்டதால் தைவானில் புது மெஷின் வாங்குவதாக ஏற்பாடு. அதைப் பார்த்து வர எம்.டி.யும் மாத்துக்குட்டி சாரும் அடுத்த மாதம் தைவான் கிளம்புகிறார்கள். மாத்துக்குட்டி சார் கோட்டுக்கு அளவு கொடுத்து, தைத்தும் வந்துவிட்டது. பழையது செத்ததாகவே இருப்பதில் இரண்டு பேருக்கும் அக்கறை உண்டு.

சரி, பார்க்கலாம் என்றாகிவிட்டதே என்று ஜெஸ்மி சந்தோஷமாக ஷெட்டுக்குப் போனாள். வாசலில் சிவப்புக் கொடி. பத்ரோஸ் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான், பின்னால் அத்தனை பேரும். எம்.டி.யைக் கூப்பிடு என்றார்கள். எம்.டி. அன்று அதிசயமாக எங்கள் கழகத்தில்தான் இருந்தார்.

"சார், மெஷின் ஓட்டறது எங்க வேலையா இருந்துச்சு. போச்சு. சாமான் இறக்கறது எங்க வேலையா இருந்துச்சு. அதுவும் போச்சு," என்றான் பத்ரோஸ். "இப்ப எங்ககிட்ட மிச்சமிருக்கறது பாக்கற வேலை ஒண்ணுதான். அதையும் வெளியாள் ஒருத்தி வந்து ஓசியில செஞ்சா, நாளைக்கு எவன் எங்களுக்குக் கூலி குடுப்பான்?"

ஜெஸ்மி முன்னால் வந்தாள். "நான் கூலி எதுவும் கேக்கலையே சேட்டா."

"அதுதான் மோளே தப்பு. கூலி கேக்காம வேலை செய்யறவங்களுக்கு கருங்காலின்னு பேரு. உன்னைச் சொல்லல, பொதுவாச் சொல்றேன். சாயா குடிச்சியா?"

சாயாவும் பழம்பொரியும் அவனே வாங்கிக் கொடுத்தான். கொடியை மட்டும் எடுக்கவில்லை. ஒன்று, அவள் பார்ப்பதற்குக் கழகம் அவளுக்குக் கூலி கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால், அவள் பார்க்கிற நேரமெல்லாம் இவர்களும் கூட நின்று பார்ப்பார்கள், இவர்களுக்குக் கொடுக்க வேண்டும். எம்.டி. இரண்டுக்கும் கணக்குத் தலைப்பு இல்லை என்றார். சாயங்காலம் வரை பேச்சு நடந்தது. என் ஆயுளில் அவ்வளவு படித்தவர்கள் அவ்வளவு நேரம் கண்களைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை. கடைசியில் எம்.டி.தான் வழி கண்டுபிடித்தார். டாக்டர் பட்டம் சும்மா கொடுப்பதில்லை.

"பார்த்தாத்தானே கூலி? பயிலுநர் ஷெட்டுக்குள்ள இருக்கட்டும், பயிற்சி நேரம் முழுக்க மெஷினுக்கு முதுகு காட்டிச் சுவரைப் பார்த்து நிக்கட்டும். பார்க்கல, தொடல. யாருக்கும் நஷ்டமில்ல. இதுதான் நவீன தொழில் உறவு."

பத்ரோஸ் ஆட்களோடு கலந்து பேசிவிட்டுச் சரி என்றான். ஒப்பந்தம் டைப் ஆகிக் கையெழுத்தாகியது. ஜெஸ்மியும் போட்டாள். நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இதென்ன பைத்தியக்காரத்தனம், பேசாமல் பஸ் ஸ்டாண்ட் கடைக்குப் போ என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முதுகு காட்டியாவது ஒரு மெஷின் பக்கத்துல நிக்கிறேன் சார்" என்றாள். எனக்கு எங்கள் கழகத்தின் மேல் முதல் தடவையாகக் கோபம் வந்தது. சொல்ல யாருமில்லை, சாயா குடிக்கப் போய்விட்டேன்.

அப்புறம் தினமும் அந்தக் காட்சிதான். ஷெட்டு நடுவில் மெஷின். ஒரு பக்கம் பெஞ்சில் யூனியன். மறுபக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டு ஜெஸ்மி, ஸ்கூலில் தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி. அவள் ஒரு நாள்கூடக் கழுத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை, நான் சாட்சி. திருப்பினால் ஒப்பந்தம் முறிந்து சர்ட்டிபிகேட் போய்விடும் என்ற பயம். அதற்குப் பதில் கேட்க ஆரம்பித்தாள். சேட்டா, பெரிய சக்கரம் எந்தப் பக்கம் இருக்கிறது? கம்பி எப்படி உள்ளே போகும்? வளைக்கிறது முதலிலா, துளை போடுவதா? சொல்வதற்குக் கூலி கிடையாது என்பதால் சொல்வதில் யூனியனுக்கு ஆட்சேபணை இல்லை. ஒருத்தன் சொல்ல, இன்னொருத்தன் திருத்த, சாப்பாட்டு நேரத்தில் கப்பையும் மீனும் பிரித்து வைத்துக்கொண்டுகூடச் சண்டை. இத்தனை வருஷத்தில் அந்த மெஷினைப் பற்றி அவர்களிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.

ஒரு மத்தியானம் நான் ஷெட்டுக்குப் போயிருந்தபோது அவள் சுவரில் இருந்த இரும்புப் பெட்டியைக் காட்டி, இது என்ன சேட்டா, தினமும் இதையே பார்த்துக்கொண்டு நிற்கிறேனே என்று கேட்டாள்.

"மெஷினோட மெயின் சுவிட்சு," என்றான் பத்ரோஸ்.

"ஏன் இறக்கி வச்சிருக்கு?"

"செத்ததுக்கு எதுக்கு சுவிட்சு? அன்னிக்கு ஓடிட்டே இருந்துச்சு மோளே. வெளிய டிரான்ஸ்பார்மர் படார்னு ஒரு சத்தம், மெஷின் நின்னுருச்சு. லைட்டும் போச்சு, ஃபேனும் போச்சு. மாத்துக்குட்டி சார் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, செத்துருச்சுன்னாரு. நான் சுவிட்ச இறக்கினேன்."

"கரண்ட் எப்ப வந்துச்சு?"

"மறுநாள் சாயங்காலம்."

"வந்ததும் போட்டுப் பாத்தீங்களா?"

"அதான் செத்துருச்சுன்னு எழுதிப் போட்டாச்சே."

 மாத்துக்குட்டி சாரை நான் குறை சொல்ல மாட்டேன். மேலிடத்துக்கு எழுதிப்போட்டதைச் சோதித்துப் பார்க்கிற வழக்கம் எங்கள் கழகத்தில் யாருக்கும் கிடையாது. ஜெஸ்மி சுவரைப் பார்த்தபடியே என்னிடம், ஒப்பந்தத்தில் சுவிட்சைத் தொடக் கூடாது என்று இருக்கிறதா சார் என்றாள். டைப் அடித்தவன் நான்தானே. இல்லை என்றேன். இரண்டு கையாலும் பிடித்து மேலே தள்ளினாள்.

முதலில் ஒரு உறுமல். கூரையிலிருந்து தூசி கொட்டியது. நாங்கள் பூகம்பம் என்று நினைத்து வெளியே ஓடினோம், பொய் சொல்வானேன், நான்தான் முதலில் ஓடினேன். திரும்பிப் பார்த்தால் சக்கரம் சுற்றுகிறது. உள்ளே மிச்சமிருந்த துருப்பிடித்த கம்பியை இழுத்து, வெட்டி, வளைத்து, டக் டக் என்று குடைக்கம்பியாகத் தள்ளுகிறது. பத்ரோஸ் பாய்ந்து போய் ஒரு கைப்பிடியைத் திருகினான், சத்தம் சீரானது. அவன் அழுதுகொண்டிருந்தான், மூக்கைத் துடைக்கக்கூட இல்லை. அத்தனை பேரும் மெஷினைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

ஜெஸ்மி மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒப்பந்தமாயிற்றே. "ஓடுதா சேட்டா? ஒழுங்கா ஓடுதா?" என்று சுவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

மாத்துக்குட்டி சார் வந்தார். வாசலில் நின்று பார்த்தார். அவர் கண் முன்னால் தைவான் பயணம் கைநழுவிப் போவது எனக்கே தெரிந்தது. ஓடி வந்து சுவிட்சை இறக்கினார்.

மறுநாள் எம்.டி. அறையில் விசாரணை. மெஷின் ஓடவில்லை என்பது எம்.டி.யின் முடிவு. விசாரணையே அந்த முடிவில்தான் ஆரம்பித்தது. ஜெஸ்மியிடம் ரொம்ப அன்பாகப் பேசினார்.

"நீங்க சுவரைப் பார்த்து நின்னீங்க. ஒப்பந்தத்த மதிச்சீங்க, பாராட்டறேன். ஆனா பார்க்காத ஒண்ண நடந்துச்சுன்னு எப்படிச் சொல்றீங்க? ஒரு அரசு நிறுவனம் செத்துருச்சுன்னு எழுதின மெஷின் ஓடினா, நாளைக்கு ஜனங்க அரசு எழுதின வேற எதையாவது நம்புவாங்களா? நான் என்னைப் பத்தி யோசிக்கல, ஜனநாயகத்தைப் பத்தி யோசிக்கறேன்."

சர்ட்டிபிகேட் தயாராக மேஜைமேல் இருந்தது. பயிற்சிக் காலத்தில் எந்த இயந்திரமும் இயங்கவில்லை, பயிலுநர் எதையும் தொடவில்லை, நன்னடத்தை மிகச் சிறப்பு என்று போட்டிருந்தது. அவளும் அதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். அந்த வாரத்துக்குள் கல்லூரியில் கொடுக்காவிட்டால் பரீட்சை கிடையாது, இன்னொரு வருஷம், இன்னொரு வருஷ ஃபீஸ், இன்னொரு வருஷம் அம்மா கை ஐஸ் தண்ணியில். போட்டுத் தொலை மோளே என்று நான் கண்ணால் கெஞ்சினேன்.

"அது ஓடுச்சு சார்," என்றாள். "ஓடலைன்னு எழுதினது எனக்கு வேண்டாம்."

பையை எடுத்துக்கொண்டு வெளியே போய் அதே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, சத்தம் வராமல் அழுதாள். எனக்கு என் நாற்காலியில் தொங்கிய குடையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஷெட்டுக்குப் போய் நடந்ததை பத்ரோஸிடம் சொன்னேன். அவன் வேட்டியை மடித்துக் கட்டினான். பின்னாலேயே ஆட்கள் எல்லோரும் எம்.டி. அறைக்குள் நுழைந்தார்கள்.

"சார், நேத்து ஷெட்ல நாங்க எல்லாரும் பாத்தோம். நோக்குக்கூலி வரணும்."

"எதைப் பார்த்தீங்க?"

"மெஷின் ஓடினத."

"மெஷின் ஓடவேயில்லையே பத்ரோஸ்."

பத்ரோஸுக்கு முகம் சிவந்துவிட்டது. அவ்வளவு கோபமாக நான் அவனைப் பார்த்ததில்லை. "அப்போ பாக்காததுக்குக் கூலி கேக்கறோம்னு சொல்றீங்களா? எங்கள ஊர்ல என்ன வேணா சொல்வாங்க சார், ஏமாத்துக்காரன்னு யாரும் சொன்னதில்ல. இத்தன வருஷத்துல பாக்காத ஒரு சாமானுக்கு ஒரு பைசா வாங்கியிருக்கோமா? பூந்தொட்டிக்கு வாங்கினோம், பூந்தொட்டி வந்துச்சு. மெஷினுக்குக் கேக்கறோம், மெஷின் ஓடுச்சு. இல்லைன்னா சொல்லுங்க, நாளைக்கு வாசல்ல கொடி நடறோம்."

எம்.டி. மாத்துக்குட்டி சாரைப் பார்த்தார். வேலைநிறுத்தம் நடக்கிற கழகத்திலிருந்து யாரும் வெளிநாடு போக அரசு விடாது. கூலி கொடுத்தாலோ, எதற்குக் கொடுத்தோம் என்று சொல்லியாக வேண்டும். இரண்டு வழியிலும் தைவான் இல்லை. ஒரு வழியில் தைவானும் இல்லை, வேலைநிறுத்தமும் உண்டு. எங்கள் எம்.டி.க்கு உண்மையைவிடக் கொடிமேல்தான் பயம் அதிகம். மெஷின் ஓடியதைப் பார்த்ததற்காக என்று சொல்லிக் கூலிக்கு உத்தரவு போட்டார். மாத்துக்குட்டி சார் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார், பாவம், கோட்டு தைத்த காசு வேறு.

அந்தச் சூட்டிலேயே நான் புது சர்ட்டிபிகேட் அடித்துக்கொண்டுபோய் நீட்டினேன். பயிலுநர் ஜெஸ்மி, கழகத்தின் இயந்திரத்தை இயக்கினார். வேறு எதுவும் எழுதவில்லை. எம்.டி. கையெழுத்துப் போட்டார். அதற்குள் அவர் தேறிவிட்டார், பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, தன் முயற்சியால் கழகத்தில் உற்பத்தி பூஜ்யத்திலிருந்து கணக்கிட முடியாத அளவுக்கு உயர்ந்திருக்கிறது என்று அறிவித்தார். கூடவே இன்னொரு உத்தரவும் போட்டார். மெஷின் ஓடினால் அவர்கள் பார்ப்பார்கள், பார்த்தால் கூலி. எனவே நல்ல நிலையில் உள்ள மெஷினை இனி ஓட்டக் கூடாது. ஃப்யூஸைக் கழற்றித் தன் இழுப்பறையில் வைத்துப் பூட்டிக்கொண்டு அடுத்த கழகத்துக்குக் கிளம்பினார்.

ஜெஸ்மி சர்ட்டிபிகேட்டைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பிளாஸ்டிக் உறையில் போட்டாள். கிளம்ப வேண்டியதுதானே, நிற்கிறாள். என்ன என்றேன்.

"நான் இன்னும் அதப் பாக்கவே இல்ல சார்."

எனக்கு உறைத்தது. உண்மைதானே. சுவரைப் பார்த்தபடியே ஓட்டிவிட்டுப் போகிறாள்.

ஷெட்டில் விஷயத்தைச் சொன்னதும் பத்ரோஸ் தலையைச் சொறிந்தான். வெளியாள் பார்த்தால் இவர்களும் பார்த்தாக வேண்டும், பார்த்தால் அவளிடம் கூலி கேட்டாக வேண்டும், சங்கத்து வழக்கத்தை ஒருத்திக்காக மாற்ற முடியாது. ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் பத்ரோஸ் ஒரு துண்டுக் கம்பியை எடுத்து ஃப்யூஸ் இருந்த இடத்தில் சொருகினான். குடைக்கம்பிக் கழகத்தில் கம்பிக்கா பஞ்சம். சுவிட்சை மேலே தள்ளிவிட்டு, நகராமல் சுவரைப் பார்த்தபடியே நின்றுகொண்டான். பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து அவன் பக்கத்தில் வரிசையாகச் சுவரைப் பார்த்து நின்றார்கள். எவனும் பார்க்கவில்லை என்றால் எவனும் கூலி கேட்க முடியாது. நானும் போய் நின்றேன்.

பின்னால் மெஷின் ஓடியது. டக் டக் என்று சத்தம் மட்டும். அவள் நடந்து சுற்றி வருவது கேட்டது, நின்றது, மறுபடி நடந்தது. 

"எப்படி மோளே இருக்கு?" என்று பத்ரோஸ் சுவரிடம் கேட்டான்.

"நல்லா இருக்கு சேட்டா," என்றாள்.  பிறகு குனிந்து எதையோ பார்த்திருக்க வேண்டும். "சேட்டா, இடது பக்கம் அடியில நாலு போல்ட்டுல ஒண்ணு இல்லவே இல்ல. ஓட்டைக்குள்ள எட்டுக்கால் பூச்சி வலை கட்டியிருக்கு. வெகு நாளா இல்ல போலிருக்கே."

இத்தனை வருஷம் கூலி வாங்கிக்கொண்டு பார்த்த கண்கள். வரிசையில் யாரும் திரும்பவில்லை.